மாரத்தானுக்குப் பாட்டு: அடியை எண்ணுவதிலிருந்து கடைசி 12 கிலோமீட்டர் வரை

பாட்டு கேட்டு ஓடுகிறவர்களில் பெரும்பாலானோர் பிடித்த ஐம்பது பாட்டை ஒரே பட்டியலில் போட்டு, ஷஃபிளை அழுத்திவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் குத்துப்பாட்டு வருகிறது, கால் அதன் பின்னால் போகிறது, சொந்த மூச்சு வாங்குவது காதில் விழுவதில்லை. மெதுவாக ஓட வேண்டிய நாள் இப்படி வேகமாக முடிந்துபோகிறது. வேகமாக ஓட வேண்டிய நாளிலோ எட்டாவது கிலோமீட்டரில் தாலாட்டு மாதிரி ஒரு மெல்லிசை வந்து காலைக் கட்டிப்போடுகிறது. எந்தப் பாட்டு எந்த ஓட்டத்துக்கு, எந்த இடத்தில் பாட்டே வேண்டாம் என்று முன்கூட்டியே பிரித்து வைத்தால் இந்தத் தொல்லை இருக்காது. அரை மாரத்தான், முழு மாரத்தான் ஓடத் தயாராகிறவர்களுக்காக அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

பாட்டு எங்கே உதவும், எங்கே உதவாது

லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் கராஜோர்கிஸ் உடற்பயிற்சியும் இசையும் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவருபவர். அந்தத் துறையின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு ஒன்று உண்டு. லேசான, மிதமான வேகத்தில் பாட்டு கேட்டபடி ஓடினால், எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்ற உணர்வு சுமார் 10 சதவீதம் குறைகிறது. மூச்சு இரைத்து இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகத்துக்குப் போய்விட்டால் அந்தக் குறைவு கிடைப்பதில்லை. அந்த நிலையில் நெஞ்சும் தொடையும் போடும் கூச்சல்தான் மூளைக்குக் கேட்கும். பாட்டு மனதுக்குக் கொஞ்சம் தெம்பு தரலாம், வலியை மறைக்காது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. நீளமான, ஒரே சீரான ஓட்டத்தில்தான் பாட்டுக்கு வேலை அதிகம். இது நன்மை. அந்த 10 சதவீத மறைப்பே ஆபத்தாகவும் முடியலாம். ஏப்ரல், மே மாதங்களில் மெரினாவிலோ ஈசிஆரிலோ காலை ஆறரைக்கு மேல் ஓடுகிறவருக்கு, புழுக்கத்தால் அதே வேகத்துக்கே இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். காதில் நல்ல பாட்டு இருந்தால் அந்த ஏற்றம் உறைக்காது. ஆகவே வெயில் காலத்தில் பாட்டோடு ஓடினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஓடும் பாட்டின் பல்லவியில் ஒரு முழு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வரி முடிவதற்குள் மூச்சு அறுந்தால், அது ‘ஈசி ரன்’ என்னும் நிதான ஓட்டம் இல்லை. வேகத்தைக் குறையுங்கள். மயக்கம், குளிர் நடுக்கம், வியர்வை திடீரென நிற்பது போன்றவை தெரிந்தால் ஓட்டத்தையே நிறுத்தி, நிழலுக்குப் போய், உதவி கேளுங்கள்.

முதலில் உங்கள் அடியை எண்ணுங்கள்

பாட்டைத் தேடும் முன் கால் எந்தத் தாளத்தில் போகிறது என்று தெரிய வேண்டும். ஓட்டக்காரர்கள் இதைக் கேடன்ஸ் என்பார்கள். ஒரு நிமிடத்தில் இரண்டு காலும் சேர்ந்து தரையில் படும் மொத்த எண்ணிக்கை அது.

பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிய பிறகு, பாட்டில்லாமல், சமதரையில் எண்ணுங்கள். வலது கால் தரையில் படுவதை மட்டும் 30 விநாடிக்கு எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். எண்ணிக்கையை ‘ஒன்று’ என்று தொடங்காமல் ‘சுழி’ என்று தொடங்க வேண்டும். ஒன்றில் தொடங்கினால் பெருக்கிய பிறகு 4 அடி கூடுதலாகக் காட்டும். 42 வந்தால் 168.

ஒரே வேகத்தில் எண்ணிவிட்டு விடாதீர்கள். நிதான ஓட்டம், மாரத்தான் வேகம், அதைவிட வேகமான டெம்போ என்று மூன்றிலும் எண்ணுங்கள். ஒருவருக்கு இவை 162, 168, 174 என்று வரலாம். இந்த மூன்று எண்ணையும் எழுதி வையுங்கள். பட்டியல் முழுக்க இவற்றின் மேல்தான் நிற்கப்போகிறது.

எல்லோரும் 180-இல்தான் ஓட வேண்டும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அது பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓடியவர்களின் அடிகளை எண்ணியதிலிருந்து பரவியது. அவர் எண்ணியது உலகத்தின் முன்னணி வீரர்களை, அதுவும் போட்டி வேகத்தில். ஆறு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் ஓடும் உயரமான ஒருவர் 180 பிபிஎம் (நிமிடத்துக்கு 180 தட்டு) பாட்டைப் போட்டு அதைத் துரத்தினால், கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும்தான் முதலில் முறையிடும். கேடன்ஸைக் கூட்டியே ஆக வேண்டும் என்றால் 5 சதவீதத்துக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். 160-இல் இருப்பவருக்கு முதல் இலக்கு 168. அதையும் வாரம் இரண்டு ஓட்டங்களில், பத்துப் பத்து நிமிடமாகப் பழகினால் போதும்.

பாட்டின் தாளத்தை எண்ணுவது

பிபிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது. செயலிகள் இதைச் சொல்லும், ஆனால் நம் பாட்டுகளில் அடிக்கடி தடுமாறும். 84 உள்ள பாட்டை 168 என்று காட்டும், அல்லது தலைகீழாகக் காட்டும். அது பரவாயில்லை. 84 தட்டுப் பாட்டுக்கு ஒரு தட்டுக்கு இரண்டு அடி வைத்தால் 168 தானே. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது சதுஸ்ரம் என்றால் உடனே புரியும். ‘தகதிமி’யில் ‘த’வுக்கு ஓர் அடி, ‘தி’க்கு ஓர் அடி.

குத்துப்பாட்டில்தான் உண்மையான சிக்கல். பறையும் தவிலும் போடும் அந்த ஆட்டத்தாளம் பெரும்பாலும் திஸ்ரம், மும்மூன்றாக நடப்பது: தகிட, தகிட. நாம் கைதட்டினால் ஒவ்வொரு ‘த’வுக்கும் தட்டுவோம். அந்தக் கணக்கில் பாட்டு 115 என்று வைத்துக்கொள்ளுங்கள். 115-இல் யாரும் ஓட முடியாது, 230-இலும் முடியாது. ஆனாலும் அதே பாட்டுக்குக் கால் தானாக ஓடுகிறதே, எப்படி?

மெதுவாக வாயால் சொல்லிப் பாருங்கள்: த-கி-ட-த-கி-ட. மொத்தம் ஆறு அட்சரம். இரண்டு அட்சரத்துக்கு ஓர் அடி வைத்தால் அடி விழும் இடங்கள் முதல் ‘த’, அடுத்து ‘ட’, அடுத்து ‘கி’. இரண்டு தகிடவுக்கு மூன்று அடி. அதாவது கைதட்டும் எண்ணிக்கையை ஒன்றரையால் பெருக்க வேண்டும்: 115 × 1.5 = 172.5. மாரத்தான் ஓட்டக்காரர் பலருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான எண் அது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. மூன்று அடிக்கு ஒரு சுற்று என்பதால், தாளத்தின் பலமான அடி ஒரு சுற்றில் வலது காலில் விழுந்தால் அடுத்த சுற்றில் இடது காலில் விழும். ஒரே காலை ஓங்கி மிதிக்கும் பழக்கம் வராது. ஒரே பாட்டுக்கு ஒரு செயலி 115 என்றும் இன்னொன்று 172 என்றும் காட்டினால், அது திஸ்ரப் பாட்டாக இருக்கலாம். இரண்டு கணக்கும் சரிதான். உங்கள் கால் எதைப் பிடிக்கிறது என்பதை நடந்தபடியே ஒரு நிமிடம் சோதித்துவிடுங்கள்.

ஆக, 168 கேடன்ஸ் உள்ளவருக்கு மூன்று வகைப் பாட்டுகள் பொருந்தும். நேரடியாக 168 உள்ளவை, 84 உள்ளவை, திஸ்ரத்தில் 112 உள்ளவை. இரண்டு மூன்று எண் முன்னே பின்னே இருந்தால் கால் சமாளித்துக்கொள்ளும். ஐந்தாறு எண் தள்ளியிருந்தால் அதுதான் தொல்லை. தாளத்தோடு சேர்வது போலவே இருக்கும், ஆனால் சேராது. ஓட்டம் முழுக்க எதையோ பிடிக்கப் போவது போன்ற உணர்விலேயே போகும். அத்தகைய பாட்டைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் தூக்கிவிடுங்கள்.

தாளத்தோடு அடி பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பலருக்குப் பாட்டு பின்னணியில் ஓடினாலே போதும். அப்படியானால் 120 முதல் 140 வரை உள்ள பாட்டுகள் பயிற்சிக்கு ஒத்துவருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கு மேல் தாளத்தை ஏற்றிக்கொண்டே போனால் பலன் கூடுவதில்லை.

வெட்டுவதும் வேகம் கூட்டுவதும்

சினிமாப் பாட்டு ஓடுகிறவருக்காகக் கட்டியதில்லை. முகப்பில் ஆலாபனையோ வயலினோ முப்பது நாற்பது விநாடி போகும். சரணத்துக்கு முன் இடையிசையில் தாளம் நின்று புல்லாங்குழல் மட்டும் வரும். வசனமும் நுழையும். உட்கார்ந்து கேட்க அதுதான் அழகு. ஓடும்போது அந்த இடத்தில் கால் தடுமாறும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இதைப் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். ஆனால் ஒன்று, இதற்குக் காசு கொடுத்து வாங்கிய எம்பி3 கோப்போ சொந்த சிடியிலிருந்து எடுத்ததோ வேண்டும். ஸ்ட்ரீமிங் செயலியில் டவுன்லோட் செய்தது பூட்டப்பட்ட கோப்பு, அதைத் திறக்க முடியாது.

கோப்பைத் திறந்து, தாளம் முழுதாக விழும் முதல் தட்டைக் கேட்டுக் கண்டுபிடியுங்கள். அலைவடிவத்தில் அது திடீரெனப் பருத்துத் தெரியும். அதற்கு முன்னுள்ளதை வெட்டிவிடுங்கள். பிறகு எஃபெக்ட் பட்டியலில் ‘சேஞ்ச் டெம்போ’வைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் வேகத்தோடு சுருதியும் ஏறிப் பாடகர் குரல் கீச்சிடும். டெம்போ மட்டும் மாற்றினால் சுருதி அப்படியே இருக்கும்.

எத்தனை சதவீதம் மாற்றுவது? வேண்டிய எண்ணிலிருந்து இருக்கும் எண்ணைக் கழித்து, இருக்கும் எண்ணால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 160 பாட்டு 168 ஆக வேண்டுமானால் 8 ÷ 160 × 100 = 5 சதவீதம். 5 வரை பலருக்கு வித்தியாசம் தெரியாது. 10-ஐத் தாண்டினால் மேளத்தின் அடி மழுங்கி, ஓடுவதற்கு எது வேண்டுமோ அதுவே போய்விடும்.

ஓட்டத்துக்கு ஒரு பட்டியல்

இன்டர்வல் நாளுக்குத்தான் அதிக உழைப்பு தேவை, பலனும் அதிகம். 3 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெதுநடை என்று ஆறு முறை செய்கிறீர்கள் என்றால், எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிவிடுங்கள். முதல் 10 நிமிடம் 120–130 தாளத்தில் சூடாக்கும் பாட்டுகள். பிறகு சரியாக 3:00 நிமிடத்துக்கு வெட்டிய வேகப் பாட்டு, 2:00 நிமிட மௌனம், மறுபடி பாட்டு. கடைசி 10 நிமிடம் தணிப்பதற்கு. மொத்தம் 50 நிமிடம். ஒவ்வொரு மௌனத்தின் கடைசி 10 விநாடியில் நாலைந்து மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) தட்டு வையுங்கள், அடுத்த சுற்று வருகிறது என்று உடம்பு தயாராகும். கைக்கடிகாரத்தைக் குனிந்து குனிந்து பார்க்கும் வேலை மிச்சம். அந்த 2 நிமிடத்தை மௌனமாகவே விடுங்கள், பாட்டு வைத்து நிரப்பாதீர்கள். மூச்சு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பது அப்போதுதான் காதுக்குத் தெரியும். நான்காவது சுற்றுக்குப் பிறகு இறங்கவே இல்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

இதில் இரண்டு தவறுகள் நேரும். சிக்னலில் நின்றால் பாட்டு தன்பாட்டுக்கு ஓடிவிடும், ஆகவே கடிகாரத்தையும் பாட்டையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். 400 மீட்டர், 800 மீட்டர் என்று தூரத்தை வைத்துச் செய்யும் பயிற்சிக்கு இந்த முறை ஒத்துவராது, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றும் ஒரே நேரத்தில் முடியாது. தடகள மைதானத்தில் காதை அடைத்துக்கொண்டு ஓடவே வேண்டாம். பின்னால் வேகமாக வருகிறவர் ‘டிராக்’ என்று கத்துவது கேட்காமல் போய் மோதல் நடக்கும்.

டெம்போ ஓட்டத்துக்கு 20 முதல் 40 நிமிடம், டெம்போ கேடன்ஸுக்குப் பொருந்தும் பாட்டுகள், வரிசை மாறாமல். ஷஃபிளை நிறுத்தி வையுங்கள். சில வாரங்களில் ‘மூன்றாவது பாட்டு முடிந்தால் 13 நிமிடம்’ என்று உடம்பே கணக்குச் சொல்லும்.

நிதான ஓட்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். மெல்லிசை, பக்திப் பாட்டு, ஒலிப்புத்தகம், பாட்காஸ்ட், எதுவும் சரி. வேகத்தைத் தூண்டாதவரை நல்லது.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தில் முதல் மூன்றில் இரண்டு பங்கு பாட்டில்லாமல் ஓடுங்கள். 30 கிலோமீட்டர் என்றால் 20 வரை மௌனம், அதன் பிறகு பாட்டு. மாரத்தான் அன்று செய்யப்போவதற்கு இதுதான் ஒத்திகை. இது போக வாரத்தில் ஓர் ஓட்டமாவது முழுக்க முழுக்கப் பாட்டில்லாமல் இருக்கட்டும். போட்டியன்று பேட்டரி தீர்ந்தால் நடுத்தெருவில் திண்டாடாமல் இருப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தன் மூச்சையும் தன் கால் ஓசையையும் தெரியாதவர் வேகத்தைப் பங்கிட முடியாது. களைப்பு வரும்போது முதலில் மாறுவது அந்தக் கால் ஓசைதான். தட்தட் என்றிருந்தது சரக்சரக் என்று தேயத் தொடங்கும்.

சாதனங்களில் எது, எப்படிக் கெடுகிறது

சத்தத்திலிருந்து ஆரம்பிப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலில் வாரம் 4 மணி நேரம்தான். மாரத்தான் பயிற்சியில் இருப்பவர் வாரம் ஆறேழு மணி நேரம் ஓடுகிறார். ஓட்டம் முழுக்கச் சத்தமாகக் கேட்டால் அந்தக் கணக்கு தானாகவே உடைந்துவிடும். போனின் ஒலியளவில் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். சொந்தக் கால் ஓசை கேட்கும் அளவே சரியான அளவு.

சாலையில் நாய்ஸ் கேன்சலிங் கூடவே கூடாது. வெளிச் சத்தத்தை உள்ளே விடும் டிரான்ஸ்பரன்சி மோடில் வையுங்கள், இல்லை ஒரே காதில் போடுங்கள். எந்தக் காதில் என்பதைச் சாலை முடிவு செய்யட்டும். தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் எல்லாம் வண்டி இடப்பக்கம் போகும் நாடுகள். எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரத்தில் ஓடினால் வண்டிகள் உங்கள் இடப்பக்கம் போகும். இடது காது திறந்திருக்க வேண்டும், பாட்டு வலது காதில். இடது ஓரத்தில் ஓட நேர்ந்தால் இதை மாற்றிக்கொள்ளுங்கள். கனடா, அமெரிக்கா, பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் தலைகீழ். அங்கிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்து ஓடுகிறவர்கள் பழைய பழக்கத்தில் தவறான காதை அடைத்துக்கொள்வதுண்டு.

எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஹெட்போன் கன்னத்து எலும்பில் உட்காரும், இரண்டு காதும் திறந்தே இருக்கும். சாலையில் ஓட அதுவே சிறந்தது. பேஸ் ஒலி குறைவாகத்தான் இருக்கும், இரைச்சல் உள்ள இடத்தில் பாட்டு அமுங்கும். அதற்காக ஒலியைக் கூட்டாதீர்கள். இரைச்சல் உள்ள இடம்தானே கவனம் வேண்டிய இடம்.

வியர்வைதான் பெரிய எதிரி. நீரைத் தாங்கும் தரக் குறியீட்டில் ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும். இரண்டுமே நல்ல தண்ணீருக்குச் சொன்னவை. நம் வியர்வையில் உப்பு இருக்கிறது. ஓட்டம் முடிந்து ஈரத்தோடு இயர்பட்டைப் பெட்டியில் போட்டு மூடினால், சார்ஜ் ஆகும் அந்தச் சின்ன உலோக முனைகளில் பச்சை படியும். சில மாதங்களில் ஒரு பக்கம் சார்ஜ் ஏறாது. ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்து, அரை மணி காற்றில் வைத்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள். சிலிகான் முனையை வாரம் ஒருமுறை கழற்றிச் சோப்பில் கழுவுங்கள்.

இன்னொரு சங்கடம் தொடு பொத்தான். நெற்றியிலிருந்து வழியும் ஒரு சொட்டு வியர்வை காது மடலைச் சுற்றி வந்து இயர்பட்டின் முகத்தில் நிற்கும். சாதனம் அதை விரல் என்று நினைக்கும். பாட்டு நிற்கும், அல்லது தாவும், அல்லது யாருக்காவது அழைப்பு போகும். இயர்பட்டின் செயலிக்குள் போய்த் தொடு வசதியை அணைத்துவிடுங்கள். தலைப்பட்டையோ தொப்பியோ அணிந்தால் சொட்டு அங்கே வராமலே தடுக்கலாம்.

பாட்டு விட்டு விட்டு வந்தால் முதலில் போன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ப்ளூடூத் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ், உடம்பிலுள்ள நீர் அதை விழுங்கும். போன் இடுப்புக்குப் பின்னால் இருந்தால் அலை உடம்பைத் தாண்டி வர வேண்டும். பாட்டு கேட்கும் காது எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் கையிலோ இடுப்பின் முன்பக்கமோ போனை வையுங்கள். ஆயிரக்கணக்கானோர் நெருங்கி நிற்கும் ஸ்டார்ட் லைனில் எல்லோருடைய ப்ளூடூத்தும் ஒரே அலைவரிசையில் நெரிசலிடும், அங்கே விட்டு விட்டு வந்தால் கோளாறு என்று பதற வேண்டாம். கூட்டம் பிரிந்ததும் சரியாகும்.

பேட்டரிக் கணக்கையும் முன்பே போடுங்கள். பல இயர்பட்டுகள் ஒரு சார்ஜில் ஐந்தாறு மணி நேரம் ஓடும். ஐந்து மணி நேர மாரத்தான், அதற்கு முன் காத்திருப்பு ஒன்றரை மணி என்றால் தாங்காது. காத்திருக்கும்போது வீட்டிலிருந்து கொண்டுவந்த மலிவான வயர் ஹெட்போனில் கேட்டுவிட்டு அதைப் பைகள் வைக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.

போட்டி விதி

இதைப் பட்டியல் கட்டும் முன்பே படித்துவிட வேண்டும். உலகத் தடகள விதிப்படி போட்டித் தளத்தில் போன், ரேடியோ, இசைக் கருவி வைத்திருப்பது உதவி பெறுவதாகக் கருதப்படும். பரிசுக்கோ சாதனைக்கோ ஓடுகிறவர் அதைத் தொடக் கூடாது. அமெரிக்காவில் 2007-இல் தேசியத் தடகள அமைப்பு ஹெட்போனை எல்லோருக்கும் தடை செய்து, 2008-இல் பரிசுக்கு ஓடுகிறவர்களுக்கு மட்டும் என்று தளர்த்தியது. பிரிட்டனில் வண்டிப் போக்குவரத்து முழுதாக அடைக்கப்படாத சாலைப் போட்டிகளில் காதுக்குள் செருகும் வகைக்கு அனுமதி இல்லை, எலும்பு வழி ஒலி வகைக்கு அனுமதி உண்டு. டிரையத்லானில் போட்டி நேரத்தில் இயர்போனுக்கு இடமே இல்லை. பொதுமக்கள் ஓடும் பெரும்பாலான மாரத்தான்களில் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் வயதுப் பிரிவில் மேடையேறும் வாய்ப்பு இருந்தால் போட்டியின் கையேட்டைப் படிக்காமல் இயர்போன் போடாதீர்கள்.

மைதானமே பாட்டு போட்டால் அது வேறு கணக்கு. 1998 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் உள்ளரங்கில் 2000 மீட்டர் உலக சாதனையை எத்தியோப்பிய ஓட்டவீரர் ஹைலே கெப்ரசெலாசி முறியடித்தபோது, அவர் கேட்டுக்கொண்ட ஒரு துள்ளல் பாப் பாட்டு ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அடி அந்தத் தாளத்தோடு போனது.

முதல் நாள் இரவும் போட்டிக் காலையும்

முதல் நாள் மாலைக்குள் எல்லாப் பாட்டும் போனிலோ கடிகாரத்திலோ இறங்கியிருக்க வேண்டும். ஏரோபிளேன் மோடில் போட்டு முதல் பாட்டு, நடுப் பாட்டு, கடைசிப் பாட்டு மூன்றையும் தட்டிப் பாருங்கள். பச்சைக் குறி காட்டினாலும் கோப்பு இறங்காமல் இருப்பதுண்டு. ஸ்பாட்டிஃபை போன்றவை 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு பேசாவிட்டால் இறக்கிய பாட்டைப் பூட்டிவிடும். கடிகாரத்தில் ஏற்றுவதானால் சார்ஜரில் வைத்து, வைஃபையில், நேரம் விட்டு ஏற்றுங்கள். காலை மூன்று மணிக்கு அந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியைப் போட்டு வையுங்கள். பழைய பாட்டு மெதுவாகவும் புதிய பாட்டு காதைக் கிழிப்பதாகவும் மாறி மாறி வராது.

ஓட்டம் தொடங்க 90 நிமிடத்துக்கு முன் இருந்து பாட்டு உங்கள் நிலைமைக்கு மருந்து மாதிரி. படபடப்பு அதிகமா, உள்ளங்கை வியர்க்கிறதா? 60 முதல் 80 தாளத்தில் மெல்லிசையோ வீணை, புல்லாங்குழல் வாத்திய இசையோ இருபது நிமிடம் கேளுங்கள். இதற்கு மாறாகத் தூக்கம் கலையாமல் மந்தமாக இருக்கிறதா? 110-இல் தொடங்கி 130 வரை படிப்படியாக ஏற்றுங்கள். படபடப்பாக இருப்பவர் அந்த நேரத்தில் குத்துப்பாட்டு கேட்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஏற்கெனவே கொதிக்கும் உலையில் இன்னும் விறகு வைக்கிற கதை அது. முதல் இரண்டு கிலோமீட்டரிலேயே கையிருப்பு தீர்ந்துவிடும்.

15 நிமிடத்துக்கு முன், மெதுஓட்டம் ஓடி உடம்பைச் சூடாக்கும்போது, 120–130. ஐந்து நிமிடத்துக்கு முன் அணைத்துவிடுங்கள். பாதை மாற்றம், தண்ணீர் மேசை இடம் பற்றிய அறிவிப்பெல்லாம் அப்போதுதான் வரும்.

தொடங்கிய பிறகு மாரத்தானில் 30 கிலோமீட்டர் வரை பாட்டில்லாமல் போக முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் 21 வரையாவது. ஆரம்பத்தில் கூட்டமே உங்களைத் தள்ளிக்கொண்டு போகும், அதற்கு மேல் பாட்டும் சேர்ந்தால் வேகம் கையை விட்டுப் போய்விடும். நான்கு மணி நேர இலக்கு என்றால் கிலோமீட்டருக்கு 5:41. 30-ஐத் தொடும்போது கடிகாரம் சுமார் 2:50:40 காட்டும். மீதி 12.2 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 69 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டாகப் பதினாறு இருந்தால் போதும். ஐம்பது பாட்டு வேண்டாம், இந்தப் பதினாறை யோசித்து அடுக்குங்கள்.

முதல் நான்கு பாட்டு மாரத்தான் கேடன்ஸுக்கு அப்படியே பொருந்தட்டும். அடுத்த ஆறு, களைப்பில் அடி குட்டையாகும் இடம், 33 முதல் 38 வரை. தாளம் தெளிவாக, மேளம் முன்னால் நிற்கும் பாட்டுகள் இங்கே வேண்டும். மீதி ஆறும் உங்களுக்குச் சொந்தமானவை, ஊர்த் திருவிழாவையோ கல்லூரி நாளையோ நினைவூட்டுபவை. இங்கே பிபிஎம் இரண்டாம்பட்சம், மனதுக்கு எது பிடிப்போ அதுதான் வேலை செய்யும். இந்த ஆறையும் போட்டிக்கு முந்தைய மூன்று வாரம் கேட்காமல் வைத்திருங்கள். தினமும் கேட்ட பாட்டு 40-ஆவது கிலோமீட்டரில் மரத்துப்போயிருக்கும்.

தண்ணீர் மேசைக்கு நூறு மீட்டர் முன் பாட்டை நிறுத்துங்கள், அல்லது ஒரு இயர்பட்டைக் கழற்றுங்கள். தன்னார்வலர் ‘தண்ணீரா, எலக்ட்ரோலைட்டா’ என்று கேட்பதும், பின்னால் ஆம்புலன்ஸ் வருவதும் கேட்க வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டு ஓடாதீர்கள். பக்கத்தில் ஓடுகிறவரின் தாளம் உங்களுடையது இல்லை.

முடிவுக்கோட்டைக் கடந்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். நடக்கும்போது 60–80 தாளத்தில் ஏதாவது மெல்லிசை கேட்டால் துடிப்பு இறங்கத் துணையாக இருக்கும். அன்று மாலைக்குள் பதினாறு பாட்டில் எது வேலை செய்தது, எதைத் தாண்டிப் போக விரல் போனது என்று பட்டியலிலேயே குறித்துவிடுங்கள். இயர்பட்டையும் துடைத்துக் காய வையுங்கள், அந்த உலோக முனைகளையும் சேர்த்து.